மெக்கானிக்குக்கு என் ஸலாம்

சங்கரன்கோவில்
12-1-1986

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, ஆமினாள் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே வாப்பா, உம்மா, நான் எல்லோரும் சுகம். போன வெள்ளிக்கிழமை கடையநல்லூரில் நம் வீட்டுக்குப் போய் மாமியைப் பார்த்துவிட்டு வந்தேன். சுகமாக இருக்கிறார்கள். நோன்பு வரைக்கும் உம்மா வீட்டிலேயே இரு என்று மாமிதான் சொன்னார்கள். தம்மாமில் குளிர் கடுமை என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகவும்.

வேறு விசேஷம் என்று எழுத எனக்கு வழக்கமாக ஒன்றும் இருக்காது. இந்தத் தடவை இருக்கிறது. பழைய மோட்டார்கள் கிடைக்கும் என்று வாப்பா தூத்துக்குடியில் ஏலத்தில் ஒரு லாட் எடுத்தார்கள். லாரியிலிருந்து இறங்கியது ஆள் உயரத்துக்கு ஒரு இயந்திரக் கை. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் இருக்கிறது. விரல்கள் மட்டும் இல்லை. கூடவே பீரோ மாதிரி ஒரு கண்ட்ரோல் பெட்டி. ஜப்பானில் ஏதோ தொழிற்சாலையில் ஓடியதாம். இங்கே வரவழைத்தவர்கள் கம்பெனியைத் திறக்காமலேயே மூடிவிட்டார்களாம்.

வாப்பா அதை உடைத்து மோட்டார்களைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். எங்கள் பட்டறையில் ஒரு மெக்கானிக் உண்டு. அவர்தான் தடுத்தார். விசைத்தறிப் பல்சக்கரங்களைப் பழுக்கக் காய்ச்சி, கெட்டிப்படுவதற்காக எண்ணெயில் முக்குகிற வேலையை வாப்பாவே செய்வது தங்களுக்குத் தெரியும். நெஞ்சில் சளி கட்டுகிறது, அந்தப் புகையில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலைக்கு வருகிறவர்களும் அந்த இடத்தில் நிற்பதில்லை. இந்தக் கையை ஓடவைத்தால் அந்த வேலையை இது செய்யும் என்பது மெக்கானிக்கின் எண்ணம்.

பெட்டியின் தகட்டில் 200 வோல்ட், மூன்று பேஸ் என்று இருக்கிறது. நம் ஊர் லைன் 440. தாங்கள் அங்கே கருவிகளை ரிப்பேர் பார்ப்பவர் ஆயிற்றே, என்ன செய்யலாம் என்று கேட்டு எழுதும்படி மெக்கானிக் சொன்னார்.

தங்கள் துஆவை நாடும்,
ந. ஆமினாள்


தம்மாம்
4-2-1986

அன்புள்ள ஆமினாளுக்கு, மசூது எழுதுவது. வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் வந்த அன்றைக்கு எனக்கு லேசான ஜலதோஷம். இப்போது இல்லை. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

கல்யாணம் முடிந்து நான் இங்கே வந்த நாளாக நாம் எழுதிக்கொண்ட கடிதங்களில் தேதியை மாற்றினால் எல்லாம் ஒன்றுதான். குற்றம் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் எழுதினேன். இந்தக் கடிதத்தைச் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் பிரித்தேன். திரும்பத் திரும்ப வாசித்ததில் சோறு ஆறிவிட்டது.

மெக்கானிக்கிடம் சொல்: 440-ஐ நேரே கொடுத்தால் புகைதான் மிஞ்சும். 200-க்கு இறக்கித் தரும் டிரான்ஸ்பார்மர் ஒன்று சுற்ற வேண்டும். அதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து தூசி, துரு, எலி எல்லாவற்றையும் பார்க்கட்டும். மோட்டார்களுக்குப் போகிற ஒயர்களைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டிக்கு மட்டும் முதலில் உயிர் கொடுக்க வேண்டும். உள்ளே 5 வோல்ட், 15 வோல்ட், 24 வோல்ட் எல்லாம் சரியாக வருகிறதா என்று அளந்த பிறகுதான் மற்றது.

நான் வேலை பார்ப்பது கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை. இங்கே இந்த மாதிரிக் கை கிடையாது. ஆனால் ஆலையைக் கட்டிய ஜப்பான்காரர்களில் ஒரு இன்ஜினியர் இன்னும் இருக்கிறார். தெரியாததை அவரிடம் கேட்டு எழுதுகிறேன்.

தகட்டைப் படிக்காமல் ஸ்விட்சைப் போடுகிறவர்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். உங்கள் மெக்கானிக் நல்ல கண் உள்ளவர். அவருக்கு என் ஸலாம்.

இப்படிக்கு,
செ. மசூது


சங்கரன்கோவில்
25-2-1986

அன்புள்ள மச்சானுக்கு ஆமினாள் ஸலாம். ஜலதோஷத்துக்கு மிளகுக் கஷாயம் வைத்துத் தர அங்கே யாரும் இல்லையே என்று உம்மா வருத்தப்பட்டார்கள். இங்கே எல்லோருக்கும் சுகம். வாப்பாவுக்கு இருமல் மட்டும் இருக்கிறது.

தங்கள் யோசனைப்படியே பெட்டியைத் திறந்தார் மெக்கானிக். உள்ளே ஒரு எலிக் குடும்பமே வாழ்ந்து போயிருக்கிறது. பஞ்சு, காகிதம், முந்திரித் தோல், எல்லாம் சேர்த்து அருமையான கூடு. கைக்குப் போகிற ஒயர் கட்டைப் பாதி தின்றிருந்தது. ஒவ்வொரு ஒயரும் அறுந்திருக்கிறதா என்று பேட்டரியும் மணியும் வைத்துச் சோதித்து, புது ஒயர் போட்டு முடித்தாயிற்று. சர்க்யூட் அட்டைகளின் ஓரத்தில் பித்தளைப் பற்கள் கறுத்துப்போயிருந்தன. பென்சில் ரப்பரால் தேய்த்தால் பளிச்சென்று வந்துவிட்டன.

டிரான்ஸ்பார்மரை உச்சிமாகாளி அண்ணாச்சி சுற்றிக் கொடுத்தார். ஊர் விசைத்தறி மோட்டார்களுக்கெல்லாம் கம்பிக் காயில் சுற்றுகிறவர் அவர்தான். "இது எரிஞ்சா என் மீசைய எடுத்துருதேன்" என்று வாப்பாவிடம் சொன்னார். எரியவில்லை.

5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் நாலுக்கும் குறைவாக வந்தது. கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோனதுதான் காரணம் என்று மெக்கானிக் கண்டுபிடித்தார். மதுரையிலிருந்து புதியது வாங்கி மாற்றியாயிற்று. இப்போது ஐந்து வருகிறது. மாற்றும்போது பற்றவைக்கிற கம்பி பட்டு அவருக்கு வலது கை விரல் சுட்டுவிட்டது. பெரிய காயம் இல்லை.

பெட்டியின் முகப்பில் சிவப்பு எழுத்தில் ஒரு எண் எரிகிறது. அதற்கு மேல் எந்தப் பொத்தானுக்கும் அசைவு இல்லை. எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆமினாள்


தம்மாம்
18-3-1986

அன்புள்ள ஆமினாளுக்கு, ஸலாம். நான் நலமாகவே இருக்கிறேன். மாமாவின் இருமலுக்கு இங்கே கிடைக்கிற ஒரு மருந்தை ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

அதே பொட்டலத்தில் ஒரு நல்ல மல்டிமீட்டரும், சிறிய முனை உள்ள சால்டரிங் கம்பியும் இருக்கும். மெக்கானிக்கிடம் கொடு. தீப்புண்ணுக்கு ஒரு களிம்பும் வைத்திருக்கிறேன். அவர் விரல் ஆறிவிட்டதா? உன் எழுத்து போன கடிதத்தில் கொஞ்சம் கோணலாக இருந்தது.

அந்த எண்ணை ஜப்பான்காரரிடம் காட்டினேன். சிரித்தார். அவசர நிறுத்தம் அழுத்தப்பட்டிருக்கிறது என்று பொருளாம். யாரும் அழுத்தியிருக்க மாட்டீர்கள். கையை நடத்திப் பழக்குவதற்கு ஒயரோடு ஒரு சின்னப் பொத்தான் பெட்டி வந்திருக்க வேண்டும். அதில் உள்ள சிவப்புப் பொத்தானும் இந்த நிறுத்த ஒயரில்தான் சேர்ந்திருக்கும். அந்தப் பெட்டி இணைக்கப்படாவிட்டால், யாரோ அழுத்திப் பிடித்திருப்பதாகவே மெஷின் நினைத்துக்கொள்ளும். தேடிப் பார்க்கச் சொல். இருந்தால் அதன் ஒயரைச் சோதிக்கவும். நிறுத்தப் பொத்தான் இல்லாமல் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

மற்ற எண்களுக்கும் அவரிடம் பொருள் கேட்டு ஒரு தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

மசூது


சங்கரன்கோவில்
10-4-1986

அன்புள்ள மச்சானுக்கு ஸலாம். பொட்டலம் வந்து சேர்ந்தது. களிம்பு நல்ல வாசனை. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வெயில் தொடங்கிவிட்டது.

பொத்தான் பெட்டி சாக்குக்குள் கிடந்தது. ஒயர் அறுந்திருந்தது. ஒட்டியதும் சிவப்பு எண் அணைந்தது. மெக்கானிக் முழங்கையை ஒரு விரற்கடை தூக்கிப் பார்த்தார். அழகாக எழுந்து நின்றது. வாப்பாவைக் கூப்பிட்டேன். உச்சிமாகாளி அண்ணாச்சியும் வந்தார்.

எல்லோரும் பார்க்க, மெக்கானிக் தோளுக்கான பொத்தானைத் தொட்டார். தொட்டதுதான் தெரியும். கை சுழன்று வந்து வாப்பாவின் தொப்பியை அடித்து எண்ணெய்த் தொட்டிக்குள் போட்டு, சுவரில் இடித்து நின்றது. சிவப்புப் பொத்தானை அழுத்தவில்லை என்றால் சுவரும் போயிருக்கும். யாருக்கும் அடி இல்லை, அல்ஹம்துலில்லாஹ். தொப்பி மட்டும் எண்ணெயில் மிதந்தது. அண்ணாச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாப்பா சிரிக்கவில்லை.

"தொப்பிக்குப் பதிலாத் தலை போயிருந்தா?" என்று கேட்டார்கள். பெருநாள் முடிந்ததும் பழைய இரும்புக்காரரை வரச்சொல்லிவிட்டார்கள். அதற்குள் சரியானால் சரி.

என்ன பிழை என்று மெக்கானிக்குக்கு விளங்கவில்லை. மெதுவாகப் போகச் சொன்னால் ஏன் வெறி பிடித்தாற்போல் ஓட வேண்டும்? சீக்கிரம் எழுதுங்கள்.

ஆமினாள்


தம்மாம்
29-4-1986

அன்புள்ள ஆமினாளுக்கு, ஸலாம். சுகமாக இருக்கிறேன். தொப்பி மிதந்த இடத்தை அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மாமா மன்னிக்கவும்.

ஒவ்வொரு மோட்டாரின் வாலிலும் ஒரு குட்டி ஜெனரேட்டர் இருக்கும். மோட்டார் எவ்வளவு வேகமாக, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அதுதான் பெட்டிக்குச் சொல்லும். எலி தின்ற ஒயரை மாற்றியபோது, தோள் மோட்டாரில் அந்த ஜெனரேட்டரின் இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருக்கும். முன்னால் ஓடுவதைப் பின்னால் ஓடுவதாகப் பெட்டி நினைக்கிறது. திருத்துவதாக நினைத்து இன்னும் தள்ளுகிறது. வெறி அல்ல, தவறான செய்தி. மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டு, கையால் சுற்றி மீட்டரில் பார்த்தால் தெரிந்துவிடும். மற்ற மூட்டுகளையும் அப்படியே சோதிக்கவும்.

இனிமேல் மெக்கானிக்கிடம் சொல் என்று எழுதப் போவதில்லை. உன்னிடமே சொல்கிறேன். விரல் சுட்ட கடிதத்திலேயே எனக்குத் தெரியும். பெண் பத்தாம் வகுப்பு என்று சொன்னார்கள். பத்தாம் வகுப்பில் கெப்பாசிட்டர் காய்ந்ததைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தருவதில்லை. எங்கே படித்தாய், ஏன் மறைத்தார்கள் என்பதை நீ சொல்ல நினைக்கும்போது சொல். முதலில் அந்த இரண்டு ஒயர்களை மாற்று.

மசூது


தம்மாம்
1-6-1986

அன்புள்ள ஆமினாளுக்கு, ஸலாம். நோன்பு உன்னைச் சோர்வாக்காமல் இருக்க துஆ செய்கிறேன். எனக்கு இங்கே பழகிவிட்டது.

உன் கடிதம் வரவில்லை. தபாலில் தாமதம் இருக்கலாம். போன கடிதத்தின் கடைசியில் எழுதியது உன்னை வருத்தியிருந்தால், அதை வாசிக்காதது போல விட்டுவிடு. ஒயர் விஷயம் மட்டும் இருக்கட்டும்.

ஒயரை மாற்றியும் தோள் ஓடினால் ஜெனரேட்டரின் கரித்துண்டுகள் தேய்ந்திருக்கலாம். அதையும் பார். முகப்பில் வேறு எண் எரிந்தால் தாளில் உள்ளபடி செய்.

நீ கடையநல்லூரில் இருப்பதாக ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். பட்டறையில் உன்னைப் பார்த்த என் உம்மா கையோடு கூட்டிவந்துவிட்டதாகவும் சொன்னார். உம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

இதைச் சங்கரன்கோவில் முகவரிக்கே அனுப்புகிறேன். நீ அங்கே திரும்புவாய் என்று நினைத்துக்கொண்டு.

மசூது


சங்கரன்கோவில்
30-6-1986

அன்பு மச்சானுக்கு ஆமினாளின் ஸலாம்.

முகவரியைப் பார்த்தீர்களா? சங்கரன்கோவில்தான். உங்கள் இரண்டு கடிதங்களும் இங்கே எனக்காகக் காத்திருந்தன. நான் சுகம், மாமியும் சுகம். இந்த நேரம் மாமி உள்ளே உம்மாவுக்கு ஆட்டுக்கறி எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். உம்மா அதைச் சந்தோஷமாகக் கேட்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

நடந்ததைச் சொல்கிறேன். நோன்பு வருகிறதே என்று என்னை அழைத்துப்போக மாமி வந்திருக்கிறார்கள். வீட்டில் நான் இல்லை. பட்டறைக்குள் நுழைந்தால், நான் அந்தக் கைக்கு அடியில் படுத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பல்லில் ஒயரைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். மாமி சத்தம் போடவில்லை. "பொட்டியக் கெட்டு, நம்ம வீட்டுக்குப் போவம்" என்று மட்டும் சொன்னார்கள். நோன்பு முழுவதும் என்னிடம் குறையாகவும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உங்களுக்கு எழுதப் பலதடவை உட்கார்ந்தேன். என்ன எழுத?

பெருநாள் முடிந்து உங்கள் கடிதம் மாமிக்கு வந்தது. மாமிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பதை நீங்கள் மறந்தீர்களா, தெரிந்துதான் எழுதினீர்களா? வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "வாசிளா" என்று கையில் கொடுத்து எதிரே உட்கார்ந்துகொண்டார்கள். என் கைவேலையைப் பற்றியும், என்னைப் பட்டறைக்கே திருப்பி அனுப்பும்படியும் நீங்கள் எழுதியதை நானே சத்தமாக வாசித்தேன். ஒரு இடத்தில் என்னால் முடியவில்லை. தாண்டிப் போனேன்.

"நடுவுல ரெண்டு வரிய முழுங்கிட்டியே. அதையும் வாசி" என்றார்கள்.

வாசித்தேன். அந்த இரண்டு வரிகளை இங்கே திரும்ப எழுத மாட்டேன். எழுதியவருக்குத் தெரியும்.

மாமி கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். பிறகு நான் என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார்கள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ என்றேன். மாப்பிள்ளை வீட்டில் தயங்குவார்கள் என்று தரகர்தான் பத்தாவது என்று சொல்லச் சொன்னார் என்றேன்.

"முதல்லயே சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார்கள். மாமியே யோசித்துவிட்டு, "சொல்லியிருப்பேன்" என்றார்கள். இன்னும் கொஞ்சம் யோசித்தார்கள். "நல்லவேளை, சொல்லாம இருந்திய."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது மாமிதான்.

மறுநாள் காலை பஸ்ஸில் என்னை இங்கே கூட்டிவந்தது அவர்களேதான். வரும் வழியெல்லாம், பழைய இரும்புக்காரர் வந்து போயிருப்பாரே என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். பட்டறையில் ஒரு தார்ப்பாய் மூடிக் கிடந்தது. விலக்கினேன். கை இருந்தது. மணிக்கட்டின் நுனியில் இரண்டு விரல்கள் இருந்தன. காற்றழுத்தத்தில் திறந்து மூடுகிற இடுக்கி. நோன்பு வைத்துக்கொண்டே வாப்பா தாமே கடைந்து, அரத்தால் ராவி, பொருத்தியிருக்கிறார்கள். இரும்புக்காரரைப் பற்றிக் கேட்டேன். "யாரு?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

ஒயர்களை மாற்றினேன். நீங்கள் சொன்னதுதான். தோள் இப்போது, தூங்கி எழுந்த ஆள் மாதிரி மெதுவாக நிமிர்கிறது.

உங்கள் ஆமினாள்


சங்கரன்கோவில்
27-7-1986

அன்பு மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா? நாங்கள் சுகத்துக்கும் மேலே இருக்கிறோம்.

ஓடுகிறது.

ஆடித்தபசுக்கு ஊர் முழுக்க ஜனம். கோவிலுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் பட்டறையையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள் என்று உச்சிமாகாளி அண்ணாச்சி சொல்கிறார். அண்ணாச்சி சொல்வதில் பாதியைத் தள்ளினாலும் நல்ல கூட்டம்தான். கை உலைக்குள் நீண்டு, செக்கச்செவேல் என்ற சக்கரத்தைப் பிடித்து, திரும்பி, எண்ணெயில் முக்கி, சொட்டு வடியும்வரை பிடித்திருந்து, தட்டில் வைக்கிறது. வைக்கும்போது சத்தமே கேட்காது. முதல் சக்கரத்தை வாப்பா அரத்தால் கீறிப் பார்த்தார்கள். அரம் வழுக்கியது. நன்றாகக் கெட்டித்திருக்கிறது.

முதல் நாள் வாப்பா பக்கத்திலேயே இடுக்கியோடு நின்றார்கள், கை தவறவிட்டால் பிடிக்கலாம் என்று. மறுநாள் வாசல் வரை நகர்ந்தார்கள். இப்போது எதிர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள். அங்கேதான் காற்று வருகிறது. இருமல் குறைந்திருக்கிறது. திருவேங்கடத்திலிருந்து ஒரு தறி முதலாளி வந்து, இதைப் பழக்கிய இன்ஜினியரைப் பார்க்க வேண்டும் என்றார். வாப்பா பேப்பரை மடித்துவிட்டு, "எம் மவதான்" என்றார்கள். நான் உள்ளே போய்க் கொஞ்சநேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன்.

மாமி இரண்டு நாளைக்கென்று வந்தவர்கள். ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும், "அதையும் கொஞ்சம் நிறுத்துளா, பாவம்" என்கிறார்கள். நிறுத்துகிறேன்.

கைக்குச் சொல்லிக்கொடுத்த வேலையைச் சாதாரண கேசட்டில் பதிந்து வைக்கலாம் என்று உங்கள் ஜப்பான்காரர் சொன்னதாகத் தாளில் எழுதியிருந்தீர்களே, அதையும் செய்து பார்த்தேன். பெட்டியின் நினைவு அழிந்தாலும் கேசட்டைப் போட்டால் மறுபடி கற்றுக்கொள்கிறது. அதில் ஒரு பிரதி உங்களுக்கு அனுப்புகிறேன். முதல் பக்கத்தில் கீச்சென்று ஒரு சத்தம்தான் வரும். பயப்பட வேண்டாம், அது நம் மெஷினின் பாடம். மறுபக்கத்தில் நான் பேசியிருக்கிறேன். அதைத் தனியாக இருக்கும்போது கேளுங்கள்.

உங்கள் ஆமினாள்


தம்மாம்
20-8-1986

என் ஆமினாளுக்கு, வ அலைக்கும் ஸலாம். எனக்கு என்ன குறை, சுகமாக இருக்கிறேன்.

கேசட் வந்தது. முதல் பக்கத்தை அறையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். கேசட் கெட்டுப்போய்விட்டது, அழித்துவிட்டுப் பாட்டுப் பதி என்றான் ஒருவன். என் வீட்டுக்காரி மெஷினுக்கு நடத்திய பாடம் இது என்றேன். நம்பவில்லை. மறுநாள் ஜப்பான்காரரைக் கூட்டிவந்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, எழுந்து நின்று, உன் ஊர் இருக்கும் திசை எது என்று கேட்டார். காட்டினேன். அந்தப் பக்கம் குனிந்து ஒரு வணக்கம் வைத்தார். பாட்டுப் பதியச் சொன்னவனே கேசட்டை இன்னொரு தடவை போடச் சொன்னான்.

மறுபக்கத்தைக் கம்பெனி வேனுக்குள் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கேட்டேன். வெளியே என்ன வெயில் என்று உனக்குத் தெரியாது. கேசட் முடிந்த பிறகும் எனக்கு இறங்கத் தோன்றவில்லை. நீ கேட்டதற்குப் பதில் இந்தத் தாளில் எழுதக்கூடியது அல்ல. நேரில் சொல்கிறேன்.

லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் எல்லோரும் தாய்க்கு உடல்நலம் இல்லை என்று எழுதுவார்கள். நான் உள்ளதை எழுதினேன்: என் மனைவி ஒரு இயந்திரத்தை ஓடவைத்திருக்கிறாள், பார்க்க வேண்டும் என்று. மேனேஜர் படித்துவிட்டு, இப்படி ஒரு காரணத்தைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் பம்பாய் வழியாக வருகிறேன். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் சேலை, சென்ட் என்று சொல்ல மாட்டாய் என்று தெரியும். ஜப்பான்காரர் கொடுத்த உதிரி அட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. சேலையும் வாங்கியிருக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் முதலில் கடையநல்லூர் வீட்டுக்கு வருவதா, சங்கரன்கோவிலுக்கு வருவதா, எது முறை என்று உம்மாவிடம் கேட்டு எழுதியிருந்தேன். யாரையோ வைத்து எழுதி உடனே பதில் போட்டுவிட்டார்கள். ஒரே வரிதான்: "வீடு பூட்டிக் கெடக்கு, நான் பட்டறையிலதான் இருக்கேன், அங்கன வா."

உன் மசூது